எட்டாம் பொத்தான்

ஒரு மனிதனின் மூக்கு உடையும்போது பெரிய சத்தமொன்றும் வராது. உடைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ரொறொன்ரோ றொக் இசை வானொலி ஒன்றில் காலை நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தபோது, மைக் பூட்டியிருக்கும் இரும்புக் கையைப் பிடித்து அறிவிப்பாளனின் முகத்தில் இடித்தேன். இரத்தம் அவன் தாடிக்குள் இறங்கி மேசையில் சொட்டியது. அதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. வருந்துவது வேறொன்றுக்கு.

நிலையம் மிசிசாகாவில், விமானங்கள் தலைக்கு மேலே இறங்கும் இடத்தில் இருந்தது. அங்கே நான்கு வருடம் ஒலிப்பலகையில் வேலை செய்தேன். அவன் பேசுவான், பாட்டையும் விளம்பரத்தையும் தொலைபேசி அழைப்புகளையும் சரியான கணத்தில் உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதும் என் வேலை. இடையில் ஒரு கண்ணாடிச் சுவர். நான்கு வருடத்தில் என் குரல் ஒருமுறைகூட ஒலிபரப்பாகவில்லை. என்னைப் பற்றி மட்டும் அவன் தினமும் பேசினான். நான் ஊமை என்றும், வீட்டில் என்னைக் கட்டிவைத்து அடிப்பார்கள் என்றும், எனக்கு அது பிடிக்கும் என்றும் சொல்வான். சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியே என்னைப் பார்ப்பான். நானும் பல்லைக் காட்டுவேன். என்ன செய்வது, அந்தப் பல்லைக் காட்டியதும் நான்தான்.

றொக் எனக்கு யாரும் திணித்த சங்கதியல்ல. அகதியாக வந்து பார்க்டேலில் இருந்த முதல் வருடம், முன்னர் குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு பழைய றேடியோவில்தான் அந்தக் கிற்றார் இரைச்சலை முதலில் கேட்டேன். ஷெல் விழுகிற அளவுக்குச் சத்தம், ஆனால் யாரும் சாகவில்லை. அந்த அதிசயத்துக்காகவே அதை விரும்பினேன். கல்லூரியில் ஒலிபரப்புப் படித்ததும் அதனால்தான். நான் விரும்பிய சத்தத்தை எனக்கு விற்க அங்கே எவருக்கும் எண்ணமில்லை என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

கூட்ட அறையின் சுவரில் ஆளுயர அட்டை மனிதன் ஒருவன் நின்றான். அவன்தான் எங்கள் நேயர். வயது முப்பத்திநாலு. பிக்கப் ட்ரக் வைத்திருப்பான், பியர் குடிப்பான், வார இறுதியில் இறைச்சி வாட்டுவான். எந்தப் பேச்சு எழுந்தாலும் புரோகிராம் மனேஜர் அந்த அட்டையைக் காட்டி, "இவனுக்குப் பிடிக்குமா?" என்று கேட்பார். ஒரு மணி நேரத்தில் பெண் பாடகி ஒருத்தி மட்டும். இரண்டாமவள் வந்தால் அவன் வேறு நிலையத்துக்குப் போய்விடுவானாம். பெண்களும் எங்களைக் கேட்கிறார்களே என்று ஒருமுறை நான் சொன்னேன். "கேட்கட்டும், அவர்களிடம் நாங்கள் ட்ரக் விற்கவில்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சவரக் கத்தி, பியர், ட்ரக், ஆண்மைக் குறைவுக்கு வைத்தியம் என்று விளம்பரங்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். விளம்பரங்களுக்கு நடுவே பெண்களின் சத்தம் வரும்.

அந்தச் சத்தங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அறிவிப்பாளனுக்கு முன்னால் பன்னிரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஒலி. முனகல், கீச்சிடல், அழுகை, அலறல். போட்டியில் வென்று துள்ளிய பெண், புருசன் விட்டுப்போன கதையைச் சொல்லி விம்மிய பெண், அவன் மிரட்டியதில் வீறிட்ட பெண். அழைத்துப் பேசியவர்களிடமிருந்தே அவை வந்தன. ஒருத்தி கத்தினால் உடனே அதன் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, வெட்டி, இரைச்சலைக் கழுவி, பொத்தானில் ஏற்ற வேண்டும். அடுத்த நிமிடமே அவன் அதை அழுத்துவான். அவர்களை வெட்டியது என் கை. நூற்றுக்கணக்கில் வெட்டியிருக்கிறேன். யோசிக்கத் தேவையில்லாத அளவுக்குக் கை பழகிப்போயிருந்தது. பெண் குரல் உயர்ந்தால் விரல் தானாகவே விசைக்குப் போகும்.

இலங்கையில் சண்டை முடிவுக்கு வந்த அந்த வசந்தத்தில் எங்கள் அம்மா வன்னியில் இருந்தார். கடற்கரையோரம் ஒரு சின்னத் துண்டு நிலத்துக்குள் சனத்தை நெருக்கி வைத்துக் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியாக அம்மா பேசியபோது, பதுங்குகுழிக்குள் தண்ணீர் நிற்கிறது என்றார். பிறகு அழைப்பு வரவில்லை. வோபர்னில் நானும் தங்கச்சியும் இருந்த அப்பார்ட்மென்ற்றில் தொலைபேசியை மேசை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் இருந்து சாப்பிட்டோம்.

தங்கச்சி வேலையை விட்டுவிட்டாள். டவுன்ரவுனில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால், சண்டையை நிறுத்தச் சொல்லி றோட்டை மறித்து இருந்த சனத்தோடு போய் இருந்தாள். பெண்கள்தான் முன் வரிசை. சிலர் படங்களை நெஞ்சில் வைத்துத் தாரில் படுத்துக்கிடந்தார்கள். நான் போகவில்லை. ஒரு நாள் காலை சப்பாத்துப் போட்டுக்கொண்டே தங்கச்சி கேட்டாள்.

"அக்கா, இண்டைக்கும் நீ அங்கதான் போறியோ?"

"வேலைக்குப் போகாமல் என்ன செய்யிறது?"

"ஓம், போ. போய் அவங்களுக்குப் பாட்டுப் போடு. அம்மா செத்தாப் பிறகும் போடு."

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். நான் அந்தக் கதவைக் காலால் உதைத்தேன். பெருவிரல் நகம் பெயர்ந்தது. அந்த வலியோடுதான் கார் ஓடினேன்.

றோட்டு மறியல் அறிவிப்பாளனுக்குச் சரியான தீனியாக இருந்தது. ட்ரக்கில் அகப்பட்டுக்கொண்ட ஆண்கள் வரிசையாக அழைத்தார்கள். அவர்களுக்கு மேலாலே ட்ரக்கை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றான் ஒருவன். தண்ணீர்ப் பீரங்கி வேண்டும் என்றான் இன்னொருவன். "இத்தனை பெண்கள் தாங்களாகவே வந்து படுத்திருக்கிறார்கள், உங்களில் ஒருத்தனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லையா?" என்று அறிவிப்பாளன் கேட்டான். அன்று காலை ஒரு போட்டியும் வைத்தான். படுத்திருக்கிற ஒருத்தியை முதலில் எழுப்புகிறவனுக்கு இசை நிகழ்ச்சி டிக்கெட் இரண்டு. எழும்புவது நேரலையில் கேட்க வேண்டும்.

மனேஜரின் அறைக்கு அழைத்து, இதை நிறுத்துங்கள் என்றேன். "அவன் விளையாடுகிறான், நீ வேலையைப் பார்" என்றார். பார்த்தேன். அதுதான் நான் செய்தது.

கால் மணி நேரத்தில் ஒருவன் அழைத்தான். தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கிறேன், கையில் பெரிய கோப்பி இருக்கிறது, இப்போதுதான் வாங்கினேன், கொதிக்கிறது என்றான். அறிவிப்பாளன் முரசுச் சத்தத்தைப் போடச் சொன்னான். போட்டேன். தொலைபேசிக்குள் கூட்டத்தின் கோசம், ஹோர்ண் சத்தம், அவன் மூச்சு. பிறகு ஒரு பெண் கத்தினாள். என் விரல் போய்விட்டது. தொடக்கம் குறித்தேன், முடிவு குறித்தேன், கோசத்தையும் ஹோர்ணையும் கழுவினேன், எட்டாம் பொத்தானில் ஏற்றினேன். இருபது செக்கன்கூட ஆகியிருக்காது.

அவன் அழுத்தினான்.

சுத்தமாக, தனியாக, என் இரண்டு காதுக்குள்ளும் என் தங்கச்சி "அம்மா!" என்று கத்தினாள்.

சிறுவயதில் அவளுக்குக் குளவி குத்தியபோதும் அதே குரல்தான், அதே இடத்தில்தான் உடைந்தது. அவன் இரண்டாம் முறை அழுத்தினான். சிரித்தான். "அம்மா, அம்மா" என்று தானும் கத்திப் பார்த்தான். மூன்றாம் முறை அழுத்தியபோது நான் பாட்டைத் தட்டி, அவன் மைக்கை மூடிவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போயிருந்தேன். பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்: ஒருமுறை அல்ல, இரண்டு முறை இடித்தேன். இரண்டாவது தடவை அவன் கைகளால் முகத்தை மூடியிருந்தான், அந்தக் கைகளின் மேல் இடித்தேன். மனேஜர் வந்து என் தலைமயிரைப் பிடித்து இழுத்துத்தான் பிரித்தார். என் நுழைவு அட்டையைக் கழுத்திலிருந்து அறுத்து எடுத்துக்கொண்டு வாசலில் தள்ளிவிட்டார்கள்.

பொலிஸுக்கு யாரும் அழைக்கவில்லை. ஏனென்று யோசித்தபடியே தூதரகத்துக்கு அருகே இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கார் ஓடினேன். அடுத்த நாள் காரணம் தெரிந்தது. ஹொக்கி விளையாடும்போது மட்டை பட்டது என்று அவன் நேயர்களிடம் சொன்னான். ஒரு பெண்ணிடம், அதுவும் என்னிடம், அடி வாங்கியவனுடைய பேச்சை அந்த அட்டை மனிதன் கேட்பானா? என்னைக் காப்பாற்றியது அவர்களுடைய வியாபாரம்.

தங்கச்சியின் கழுத்தும் இடது தோளும் வெந்து தோல் கழன்றிருந்தன. முகம் தப்பிவிட்டது. கோப்பி ஊற்றியவன் சனத்துக்குள் புகுந்து ஓடிவிட்டானாம். மருந்து கட்டிக்கொண்டிருந்த தாதி வெளியே போனதும், நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கை உடைத்ததைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வெட்டி ஏற்றியது நான் என்றும் சொன்னேன்.

நல்ல கையால் என் வாயில் அறைந்தாள். உதடு கிழிந்தது.

"அழிச்சனியோ?"

"இல்லை. உடனை வந்திட்டன்."

"அப்ப உவன் இன்னும் அமத்துவான்."

"ஓம்."

"போய் அழி. அழிச்சுப்போட்டு வந்து என்னோட கதை."

அழிக்க என்னிடம் வழியில்லை. வாசல் என்னை விடாது. தொலைபேசியில் கேட்டபோது மனேஜர் வைத்துவிட்டார். அவனோ பாட்டு முடியும் இடங்களில் எட்டாம் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். நேயர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அழைக்கிறவர்கள் அதைப் போடச் சொல்லிக் கேட்டார்கள். தங்கச்சி என்னோடு பேசவில்லை. மேசையில் தொலைபேசிக்கு அந்தப் பக்கம் இருந்து, கட்டுப் போட்ட கழுத்தைத் திருப்பாமல் சாப்பிட்டாள்.

மே மாதம் சண்டை முடிந்தது என்று அறிவித்தார்கள். தொலைக்காட்சியில் கொழும்பில் பட்டாசு கொளுத்தினார்கள். தங்கச்சி நிலத்தில் இருந்து தன் தலையைச் சுவரில் மோதினாள். நான் சுவருக்கும் தலைக்கும் இடையில் கையைக் கொடுத்தேன். என் கையின் மேலும் மோதினாள். கனநேரத்துக்குப் பிறகு அத்தனை நாளில் முதல் தடவையாகப் பேசினாள்.

"அம்மா இருக்கிறாவோ இல்லையோ தெரியேல்லை. அந்தச் சொல்லு அவங்கட கையில இருக்கக் கூடாதக்கா."

அடுத்த நாள் காலை நான் மிசிசாகாவுக்குப் போனேன். நிகழ்ச்சி முடிந்து அவன் வெளியே வரும்வரை கார் நிறுத்துமிடத்தில் நின்றேன். மூக்கு கோணிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் பின்வாங்கினான். அதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. அது என் தங்கச்சி, அழித்துவிடு என்றேன். எடுத்த கார்ச் சாவியை அவன் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டான். அவனுக்குள் ஏதோ அசைந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைப்புத்தான்.

மன்னிப்புக் கேள், அழிக்கிறேன் என்றான். இங்கே அல்ல, உள்ளே வந்து, மைக்கில்.

போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவன் கதிரையில், முதன்முதலாக மைக்குக்கு முன்னால் இருந்தேன். என் இடத்தில் புதிதாக ஒரு பெண் இருந்தாள்; அவள் தலையை நிமிர்த்தவேயில்லை. எதற்கென்று சொல்லாமல் கேள் என்றான். மன்னித்துக்கொள் என்றேன். சத்தம் போதாது என்றான். மறுபடி சொன்னேன். அழுதுகொண்டு சொன்னால் நல்லது என்றான். அழுகை ஏற்கனவே வந்துவிட்டது, அவனுக்காக அல்ல. மூன்றாம் முறை சொன்னபோது அந்தப் பெண்ணின் விரல் விசைக்குப் போனதைக் கண்டேன். தொடக்கம், முடிவு. என்னைப் போலவே வேகமாகச் செய்தாள். பிறகு என் கண் முன்னாலேயே எட்டாம் பொத்தானில் இருந்ததை அழித்து, அதில் என்னை ஏற்றினாள்.

வீட்டுக்கு வந்து அழித்தாயிற்று என்றேன். தங்கச்சி கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எப்பிடி அழிச்சாங்கள்? என்ன கேட்டவங்கள்?"

"ஒண்டும் கேக்கேல்லை."

அவள் என் கிழிந்து ஆறிய உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அன்று இருவரும் ஒரே பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம்.

மறுநாள் காலை, குப்பை போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கீழே போய், காருக்குள் ஏறிக் கண்ணாடிகளை மூடி அந்த நிலையத்தைப் போட்டேன். முதல் பாட்டு முடிந்ததும் றேடியோவுக்குள் நான் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான். சவரக் கத்தி விளம்பரம் வந்தது. அடுத்த பாட்டு முடிந்ததும் மறுபடி கேட்டேன். தங்கச்சியின் குரலில் ஒரு பிரதியை எங்காவது ஒளித்து வைத்திருப்பானோ என்ற பயத்தில், நிகழ்ச்சி முடியும்வரை ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி இருந்தேன். பதினான்கு தடவை நான் வந்தேன். தங்கச்சி வரவில்லை.