பிளாஸ்டர் மேல ஒத்தடம்

என் வீட்டுக்காரருக்குப் புத்துநோய் முதுகெலும்புக்கும் பரவிருச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு நான் அழுகல. ஊட்டுக்கு வந்து மரவள்ளிக்கிழங்கை வேகவச்சுத் தின்னேன். பசிச்சுது, தின்னேன். அப்பருந்தே எனக்குள்ள ஒண்ணும் அசையல.

வலிக்கு ரெண்டு மருந்து. ஒண்ணு மேல்முதுகுல ஒட்டுற பிளாஸ்டர். மூணு நாளைக்கு ஒருக்கா மாத்தணும், வலியை அமத்தியே வச்சிருக்கும். அதையும் மீறி வலி கிளம்புனா மட்டும் மார்ஃபின் மாத்திரை. ரெண்டும் ஒரே வகை, அளவு கூடிப்போனா மூச்சே அடங்கிரும், பிளாஸ்டர் மேல சூடு மட்டும் படவே கூடாது, பட்டா மருந்து மொத்தமா உடம்புல இறங்கிரும்னு நர்ஸம்மா சொல்லி அனுப்புனாங்க. அதனால நான் அவரை அடுப்புப் பக்கமே விடல. மார்கழிக் குளிர்ல புருஷனை நெருப்புக் காய விடாத பொண்டாட்டின்னு ஊரே ஒரு மாதிரி பார்த்துச்சு. பார்த்தாப் பார்க்கட்டும், எனக்கென்ன வந்துச்சு.

அவரோட அக்கா எங்க மலையிலயே அந்தப் பக்கம் இருக்குற திண்ணனூர் நாட்டுலருந்து பார்க்க வந்திருந்தாங்க. அவங்களை உட்கார வச்சுட்டு நான் மிளகு பறிக்கப் போயிட்டேன். நடுவுல வலி கிளம்பியிருக்குது. அக்கா மாத்திரை குடுத்திருக்காங்க, அது சரிதான். அப்புறம் முதுகுல பிளாஸ்டரைப் பார்த்திருக்காங்க. இடுப்புப் பிடிச்சுக்கிட்டா சந்தையில வாங்கி ஒட்டுவோமே, அதுன்னு நெனச்சுட்டாங்க. அதை ஒட்டுனா மேல சூடு காட்டுறதுதான் எங்க பக்கத்து வழக்கம். கல் உப்பை வறுத்துத் துணியில முடிஞ்சு, அது மேலயே ஒத்தடம் குடுத்திருக்காங்க, பாவம், அம்புட்டுப் பாசமா.

நான் வர்றப்ப மத்தியானம். "தம்பி எப்படி அசந்து தூங்குறான் பாரு கண்ணு"ன்னாங்க. எனக்கும் ஒரு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் மூச்சைக் கவனிச்சேன். ஒண்ணு விட்டாரு, அடுத்தது வரக் காணோம். தட்டுனேன், கத்துனேன், முழிக்கல. போர்வையை விலக்குனா முதுகு கொதிக்குது.

பிளாஸ்டரைப் பிச்சு எறிஞ்சுட்டு, பக்கத்து ஊட்டு வேன்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த மருந்தை முறிக்குற ஊசி போட்டாங்க. மூச்சு வந்துச்சு, கூடவே வலியும் மொத்தமா வந்துச்சு. கண்ணைத் தொறந்தவரு என்னைப் பார்த்து, "ஏன் புள்ள எழுப்புன? வலியே இல்லாம இருந்தேனே"ன்னாரு. அக்கா தலையில அடிச்சுக்கிட்டு அழுதாங்க. அவங்களைத் திட்டக்கூட எனக்கு வாய் வரல. வாய்க்குப் பேர் போனவ நான்.

டாக்டர் அளவைத் திருத்திக் குடுத்தாரு. ஊட்டுக்கு வந்து புதுப் பிளாஸ்டரை ஒட்டிவிட்டு, கிழங்கு கழுவ உட்கார்ந்தேன். அவரு அக்கா பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாரு: "அன்னிக்கு வச்ச மாதிரி ஒருக்கா ஒத்தடம் வையேன் அக்கா."

அக்கா என்னைப் பார்த்தாங்க. அவரு என்ன கேக்குறாருன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரிஞ்சுது.

ஈரக் கையோட எந்திரிச்சுப் போயி அந்தப் பிளாஸ்டர் மேல என் உள்ளங்கையை வச்சேன்.

"ஐயோ, ஜில்லுனு இருக்குது. எடு புள்ள."

"எடுக்க மாட்டேங்க."

அவருக்கு அழுகை வந்துருச்சு. எனக்கு வரல. கையை நான் எடுக்கவும் இல்ல.