ரெண்டு பாக்ஸிலும் ஒரே காலடி

பிள்ளைங்களா, கேம் ஆடத் தனியா சவுண்டு கார்டு வாங்கணுமா, இல்லை கம்ப்யூட்டர் போர்டிலேயே வர்ற சவுண்டு போதுமான்னு நேத்து சாப்பிடும்போது ரெண்டு பேரும் சண்டை போட்டீங்க. அப்பாவை ஒரு வார்த்தை கேக்கலை. உங்க அம்மா மட்டும் என்னைப் பார்த்துச் சிரிச்சிக்கினே ரசம் ஊத்தினா. அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி ஒரு விஷயம் இருக்கு. வாயால சொன்னா பாதியிலேயே எழுந்து போயிடுவீங்க. அதனால எழுதி வைக்கிறேன். நான் படிச்சது ஒன்பதாவது வரைக்கும்தான், தப்பு இருந்தா நீங்களே திருத்திப் படிச்சிக்கங்க.

அப்போ எங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். நீங்க பிறக்கலை. நான் மைக்செட் போட்டுக்கினு இருந்தேன். உத்திரமேரூரைச் சுத்தி கல்யாணம், காதுகுத்து, திருப்புலிவனம் கோயில் விசேஷம், எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்ட என்னைத்தான் கூப்பிடுவாங்க. மாகறல்ல இருந்த உங்க மாமா புது கம்ப்யூட்டர் வாங்கினதும் பழசை நம்ம வூட்ல கொண்டாந்து வெச்சிருந்தான். உங்க அம்மா அதுலதான் தமிழ் டைப்பிங் கத்துக்கினா. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைக்கு டைப் பண்ணிக் குடுக்க ஆரம்பிச்சா. அந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்தா அவ முதுகு தானா நிமிர்ந்துடும். அதைப் பார்க்கவே எனக்கு நல்லா இருக்கும்.

ஞாயித்துக்கிழமை ஆனா மாமா தன்னோட கம்ப்யூட்டரை ஷேர் ஆட்டோவுல ஏத்திக்கினு வந்துடுவான். ரெண்டையும் ஒரு ஒயர்ல இணைச்சி அக்காவும் தம்பியும் துப்பாக்கிச் சண்டை ஆடுவாங்க. அவனுக்கு ஹெட்போன், உங்க அம்மாவுக்கு நான் மாட்டிக் குடுத்த மைக்செட் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர் பாக்ஸும். உங்க அம்மாவுக்குக் குறி தப்பாது. ஆனாலும் தோத்துக்கினே இருந்தா. ஆட்டத்துக்குள்ள எப்பப் பார்த்தாலும் மாமா அவளுக்குப் பின்னாடி வந்து நிப்பான்.

ஒரு ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் மாமா மெதுவா ஆரம்பிச்சான். "அக்கா, இந்தப் பழசை காஞ்சிபுரத்துல ஒரு ஃபிரெண்டு கேக்குறான். குடுத்துடலாம்னு பாக்குறேன்."

"குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கினு போவியா?"

"நான் எங்க குடுத்தேன்? வெச்சிட்டுதானே போனேன்."

உங்க அம்மா முகம் ஒரு நிமிஷம் வாடிப்போச்சு. அப்புறம் சொன்னா, "வர்ற ஞாயித்துக்கிழமை ஆடுவோம். யாரு முதல்ல பத்து தடவை சுடுறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. நான் ஜெயிச்சா இது இங்கயே இருக்கும். நீ ஜெயிச்சா நானே ஆட்டோவுல ஏத்தி வுடுறேன்."

மாமா சிரிச்சான். "வேணாங்க்கா. என்கிட்ட தனி கார்டு கீது. நீ எந்தப் பக்கம் நடந்து வர்றேன்னு காதுலயே வுழுது. உன்னுது போர்டு சவுண்டு, அதுல இன்னா தெரியும்?"

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. ஊருக்கே சவுண்டு குடுக்குறவன் வூட்ல சவுண்டு சரியில்லையா? மறுநாளே காஞ்சிபுரம் போனேன். கடைக்காரர் ஒரு கார்டை எடுத்துக் காட்டி, "ஒத்து வரலைன்னா டப்பாவோட ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்க" அப்படின்னார். வூட்டுக்கு வந்ததும் மூடியைக் கழட்டி நானே மாட்டினேன். எப்பவும் போல அதே பழைய ஆம்ப்ளிஃபையர், கல்யாணத்துக்கு எடுத்துக்கினு போற பாக்ஸ் ரெண்டு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. எதிரியா கம்ப்யூட்டரே ஆள் வுடுற மாதிரி வெச்சி உங்க அம்மா ஆடிப் பார்த்தா.

"சத்தம் சுத்தமா கீது. ஆனா எந்தப் பக்கம்னுதான் தெரியலைங்க."

ரெண்டு நாள் அதோட மல்லுக்கட்டினேன். பாக்ஸைத் தள்ளித் தள்ளி சுவரு ஓரத்துக்கே கொண்டு போயிட்டேன். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் சத்தத்தை ஏத்துறது. அதையும் பண்ணேன். எதிர்வூட்டுக்காரர் ஓடியாந்து, "இன்னாப்பா, யாரு யாரைச் சுட்டது?"ன்னு கேட்டதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை உங்க அம்மா ஒரு பாக்ஸ் மேல காதை வெச்சா. எழுந்து போய் இன்னொண்ணு மேல வெச்சா. "இன்னாங்க, இதுல வர்றதும் அதுல வர்றதும் ஒண்ணா, வேறயா?"

நான் பெருமையா சொன்னேன். "ஒண்ணுதான். வேற வேற வந்தா அது மைக்செட்டா? பந்தல்ல இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்குப் பாட்டு, அந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு மேளம்னு பிரிச்சிக் குடுத்தா அடிக்க வருவாங்க. அதுக்குத்தானே கம்ப்யூட்டர்ல சொருகுற பின்னுல ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி ஈயம் வெச்சி..."

பேச்சைப் பாதியில வுட்டுட்டு பின்னைப் பிடுங்கிப் பார்த்தேன். இடது பக்கத்துக்கு ஒரு ஒயர், வலது பக்கத்துக்கு ஒரு ஒயருன்னு கம்ப்யூட்டர் பிரிச்சி அனுப்பினதை நான்தான் ஒண்ணா கலந்து வெச்சிருக்கேன்.

உங்க அம்மா இடுப்புல கை வெச்சிக்கினா. "அப்போ இத்தனை நாளா என் தம்பி என்னைச் சுட்டதுக்கு நீங்கதான் உடந்தையா?"

முறுக்கினதைப் பிரிச்சேன். இன்னொரு ஆம்ப்ளிஃபையரை இறக்கி ஒயருக்கு ஒண்ணா குடுத்தேன். அவ ஆட உட்கார்ந்தா. திரையில யாருமே இல்லை, இவ படக்குன்னு வலது பக்கம் திரும்பிச் சுட்டா. சுவருக்குப் பின்னாடிலேர்ந்து ஒருத்தன் வந்து வுழுந்தான்! ரெண்டு பேரும் கத்தினோம்.

அப்புறம் கார்டைக் கழட்டி போர்டு சவுண்டுல ஆடிப் பார்த்தா. அதுலயும் பக்கம் நல்லாவே தெரிஞ்சது. ஆனா மவுஸை நகர்த்தினா லேசா ஒரு இரைச்சல். எனக்கு அது ஆகலை. "கார்டே இருக்கட்டும், பாட்டு எவ்ளோ சுத்தமா கேக்குது பாரு"ன்னேன்.

"பாட்டு கேக்க உங்களுக்கு வேணும்னா தனியா வாங்கிக்கங்க. எனக்குக் காலடி கேட்டா போதும். கார்டு போட்டு ஜெயிச்சா, கார்டாலதான் ஜெயிச்சேன்னு அவன் சொல்லுவான். திருப்பிக் குடுத்துடுங்க."

திருப்பிக் கொண்டு போனேன். "வேலை செய்யலையா?"ன்னு கடைக்காரர் கேட்டார். "கார்டு நல்லா வேலை செய்யுதுங்க. நான்தான் சரியா செய்யலை"ன்னேன்.

ஞாயித்துக்கிழமை மாமா காதுல ஹெட்போனை மாட்டிக்கினு சிரிச்சிக்கினே உட்கார்ந்தான். மூணு தடவை குண்டு வாங்கினதும் சிரிப்பு போச்சு. அவனும் லேசுப்பட்டவன் இல்லை, ஒன்பதுக்கு ஒன்பதுன்னு வந்து நின்னுது. கடைசி ஆட்டத்துல உங்க அம்மா ஒரு மூலையில அசையாம நின்னா. இடது பாக்ஸ்ல தப், தப்னு ரெண்டு காலடி. எனக்கே கேட்டுது. வாயைப் பொத்திக்கினேன். அவ திரும்பினா, சுட்டா, எழுந்து நின்னுட்டா.

மாமா ஹெட்போனைக் கழட்டிட்டு என் பக்கம் திரும்பினான். "மாமா, கார்டு போட்டுக் குடுத்துட்டியா?"

மூடியைத் திறந்து காட்டினேன். கார்டு சொருகுற இடம் காலி.

"அப்புறம் எப்படிக்கா?"

"உன் மாமாவைக் கேளு, இதோ நிக்கிறாரே. ஊருக்கே சவுண்டு குடுக்குறவரு." நான் பண்ண கூத்தை அவளே சொல்லவும் மாமா பாயில உருண்டு உருண்டு சிரிச்சான். பேச்சு மாறலை அவன். "மெஷின் உன்னுதுக்கா"ன்னு சொல்லி, பஸ் ஸ்டாண்டுல பன்னீர் சோடா வாங்கித் தர்றேன்னு அக்காவைக் கூட்டிக்கினு கிளம்பினான். ஒயரெல்லாம் சுத்தி வெச்சிட்டு வர்றேன்னு நான் வூட்லயே நின்னுட்டேன்.

குழாய் மேல பேர் எழுத வெச்சிருந்த வெள்ளை பெயிண்டை எடுத்தேன். பாக்ஸுங்களுக்குப் பின்னாடி குந்தி, இடது கைப் பக்கம் இருந்ததோட முதுகுல 'இடது', மத்ததுல 'வலது'ன்னு அழகா எழுதினேன். அப்புறம் முன்னாடி போய் உங்க அம்மா நாற்காலியில உட்கார்ந்து பார்த்தா, அவ இடது கைப் பக்கம் இருக்குறதுலதான் 'வலது'ன்னு எழுதி வெச்சிருக்கேன். யாரும் பார்க்கலை. துணியை மண்ணெண்ணெய்ல நனைச்சி ரெண்டையும் துடைச்சேன். மாத்தி எழுதி, காயுற வரைக்கும் ஊதிக்கினே உட்கார்ந்திருந்தேன்.