இருபத்தைந்து புள்ளி ஏழு

எஃகு உறை போட்ட ஒரு தெர்மாமீட்டர் என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறது. அது பொறியாளர் அம்மணி விட்டுப்போனது. பேரன் கல்யாணத்துக்குக்கூட அதைச் செருகிக்கொண்டுதான் போனேன்.

நான் நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். வேலந்தாவளத்துக்குச் சைக்கிளில் பால் கொண்டுபோனவன், எருத்தேன்பதிப் பக்கம் சொந்தமாகப் பால் குளிரூட்டும் நிலையம் வைத்தேன். படித்தவர்கள் என்னிடம் கைகட்டி நின்றிருக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. கூச்சப்பட வேண்டியது வேறொன்று.

தொட்டியின் சூட்டைக் கைப்பேசியில் காட்டி, கம்ப்ரசரைத் தானே ஓட்டி நிறுத்தும் பெட்டியைப் பொருத்த, கோயம்புத்தூரிலிருந்து அந்த அம்மணி வந்தார். தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். தெர்மாமீட்டரில் இருபத்தைந்து புள்ளி ஏழு, கைப்பேசியிலும் அதே. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வாசலில் பால் கேன்களோடு ஊரே நின்றது.

"ஐயா, ஐஸ் போட்டு இன்னொருக்கா பாத்துக்கலாமுங்க," என்றார் அவர்.

"போதுமுங்க அம்மணி. மாட்டு மடியத் தொட்டே சூடு சொல்றவன் நானு. எனக்கே திருப்தி, உங்களுக்கென்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

பாலை ஊற்றிக் கம்ப்ரசர் ஓடத் தொடங்கிய பிறகு கைப்பேசி தாறுமாறாகக் குதித்தது. கடைசியில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு டிகிரி என்றது. அவ்வளவு சூடென்றால் பால் ஆவியாகிப் போயிருக்கும். காட்டுவதில்தான் கோளாறு, குளிர்விப்பதில் இல்லை என்று நானே தீர்ப்புச் சொல்லி, ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். கம்ப்ரசர் நிற்கவே இல்லை. ஆனாலும் பெருமை பேசிய வாயால் நிறுத்தச் சொல்ல வரவில்லை. கேன் கழுவும் அக்காதான் அகப்பையை விட்டுத் துழாவிவிட்டுக் கத்தினார்: "ஏனுங்க, பால்ல ஐஸ் கட்டுதுங்க!"

மெயின் சுவிட்சை அணைத்தேன். உறைந்தால் கொழுப்பு பிரிந்துவிடும், டேங்கர் எடுக்காது. அத்தனை வீட்டுக் கறவையும் அந்த ஒரு தொட்டியில் கிடந்தது.

போன் போட்டதும் அம்மணி பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தார். மடிக்கணினியைத் திறந்து, என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"சென்சார் ஒரு எண்ணை ரெண்டு துண்டாக்கி, பெரிய துண்டை முன்னால அனுப்புதுங்க. நம்ம பெட்டி சின்ன துண்டுதான் முதல்ல வருதுன்னு நெனச்சு மாத்திச் சேக்குது. பன்னெண்டைத் திருப்பிப் படிச்சா இருபத்தொண்ணு ஆயிருமில்லீங்களா, அந்த மாதிரி. அந்தத் தப்பான எண்ணை வெச்சுத்தான் கம்ப்ரசரையும் ஓட்டுது."

"காத்தால சரியாத்தானே காட்டுச்சு?"

"பதினொண்ணை எப்படித் திருப்பினாலும் பதினொண்ணுதானுங்க. காத்தால வந்த இருபத்தஞ்சு புள்ளி ஏழு, மெஷின் கணக்குல அந்த மாதிரி எண்ணு. ரெண்டு துண்டும் ஒண்ணே."

பெட்டி எண்ணை வாங்கும் இடத்தில் துண்டுகளைத் திருப்பி வைக்க ஒரே வரி எழுதினார். கைப்பேசி பூச்சியம் புள்ளி எட்டு என்றது. தெர்மாமீட்டரும் அதையே சொன்னது. ஓரத்தில் மட்டுமே உறைந்திருந்ததால் கிளறிவிட்டுப் பாலைக் காப்பாற்றினோம். டேங்கர் எடுத்துக்கொண்டது.

டேங்கர் வருவதற்குள் கூட்டத்தில் ஒருவர், "ஏம்மா, ஒழுங்காச் சோதிக்காமயா போனீங்க? படிப்பு எதுக்கு?" என்றார். அம்மணி என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன்.

"இன்னொருக்கா பாத்திருக்கோணுமுங்க. என் தப்புதான்," என்றார்.

தெர்மாமீட்டரைத் தொட்டி மேலேயே மறந்துவிட்டுப் போனார். பிறகு பெங்களூர் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. திருப்பிக் கொடுக்க அவருடைய புது எண்ணைத் தேடவும் எனக்குத் துணிவில்லை.

இன்று காலை தொட்டியைக் கழுவித் தண்ணீர் விட்டோம். கைப்பேசியில் இருபத்தைந்து புள்ளி ஏழு. பையிலிருந்து எடுத்து அமிழ்த்தினேன். இதிலும் அதே.

"ரெண்டும் ஒண்ணாத்தானுங்களே காட்டுது, அப்புறம் எதுக்கு இப்படி வேர்க்குது?" என்றார் கேன் கழுவும் அக்கா.

ஐஸ் கொண்டுவரச் சொன்னேன்.