முள் போட்ட இடம்

என் மகளைப் புதைத்த இடத்தைத் தோண்டியது என் கொழுந்தன். பொக்லைன் ஓட்டியவர் மேல் பழி போட வேண்டாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. இவனுக்குத் தெரியும்.

பரளச்சிப் பக்கம் எங்கள் வீடு. கொல்லை முழுக்க வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. ஆடு உள்ளே நுழைந்தால் தேடிப் பிடிக்க முடியாது. கிணறு வற்றியதற்கும் அதைத்தான் திட்டினோம். வெட்ட வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மூலையில் நிற்கும் ஒன்றை மட்டும் விடச் சொன்னேன்.

என் முதல் பிள்ளை பேர் வைக்கும் முன்பே போய்விட்டாள். எங்கள் வீடுகளில் அவ்வளவு சின்னப் பிள்ளையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கொல்லையிலேயே புதைத்து, நாயும் நரியும் கிளறாமல் இருக்க மேலே முள் போடுவார்கள். என் வீட்டுக்காரர் வேலியில் கிடந்த கருவை முள்ளை இழுத்து வந்து போட்டார். அதில் விதையோடு நெற்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. அடுத்த மழைக்கு முளைத்துவிட்டது. பிடுங்கத்தான் போனேன். குனிந்தேன், கை வரவில்லை.

கேடுகெட்ட மரம்தான். ஆனால் அதை வைத்துத்தான் எனக்கு இடம் தெரியும். வேறு அடையாளம் கிடையாது.

கொல்லையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொழுந்தன் வந்தபோது இதைச் சொன்னேன். சிரித்தான்.

"ஊரே கருவையை ஒழிக்குது. நீங்க அதுக்குப் பால் ஊத்துவீக போல, மதினி."

"சிரிக்காத. எதுக்குச் சொல்றேன்னு ஒனக்குத் தெரியும்."

"சரி, சரி. அதத் தொடல. போதுமா?"

பிள்ளையைப் புதைத்த அன்றைக்குக் குழி தோண்டக் கடப்பாரை பிடித்தவனே அவன்தான்.

நரிக்குடியில் ஒரு சாவு. போய்விட்டுத் திரும்பினால் கொல்லை மொட்டையாகக் கிடந்தது. மூலையில் ஆள் இறங்கும் ஆழத்துக்குப் பள்ளம்.

"தூரோட எடுக்கலன்னா திரும்பத் துளுத்துரும், மதினி. ஒண்ண விட்டாலும் கொல்ல பூராப் பரவிரும்."

"அங்கன இருந்த மண்ணு எங்கடா?"

"லோடு மண்ணு கேட்டாக. டிராக்டர்ல ஏத்திவிட்டேன்."

"எந்த மண்ண ஏத்திவிட்ட?"



முதலில் கண்மாய்க் கரையில் தட்டியதாகச் சொன்னான். மறுநாள் பாளையம்பட்டியில் வீடு கட்டுகிறவர்கள் வாங்கினார்கள் என்றான். இரண்டு இடத்துக்கும் போனேன். பாளையம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மண் நிரப்பிய கடைக்கால்களை எல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தேன். பெற்றவளுக்குத் தெரியாதா என்பார்கள். தெரியவில்லை. எல்லா மண்ணும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஒரு கொத்தனார், "யாரைத் தேடுறீக?" என்று கேட்டார். "மண்ணு பாக்க வந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"மண்ணுக்குள்ள போனது மண்ணாத்தான் ஆயிருக்கும், விடு" என்கிறார் வீட்டுக்காரர். சொல்கிறாரே தவிர, அந்த மூலைப் பக்கம் கால் வைப்பதில்லை. பள்ளத்தை மூட நானும் விடவில்லை. அதில் போடுவதற்கு எனக்கு வேறு மண் வேண்டாம்.

கொழுந்தன் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "எங்க மதினிக்குக் கருவை மேல கிறுக்கு" என்று பேசுகிறானாம். கேட்டவர்கள் சிரித்தார்களாம்.

அதே டீக்கடையில், சிரித்த அதே ஆட்கள் முன்னால் எழுந்து நின்று சொல்லடா. அந்த மூலை மண்ணை எங்கே தட்டினாய்? தனியாக வந்து என்னிடம் முணுமுணுக்க வேண்டாம். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்.