கண்ணாடிக்குள் நின்ற கடைசிக் கார்

கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகத்தில் என் கணவர் வேதியியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் கழித்து எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. அமெரிக்கக் கார் விற்கும் ஒரு சிறிய கடையில் இங்கிலீஷ் கடிதம் டைப் அடிக்கும் வேலை. பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டுக் கல்யாணம் ஆகும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அது இங்கே வந்து கைகொடுக்கும் என்று நினைக்கவில்லை. ஜெர்மன் டைப்ரைட்டரில் ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கும். முதல் வாரம் நான் அடித்த கடிதங்களில் ஒய் வரவேண்டிய இடத்தில் எல்லாம் இசட் நின்றது. முதலாளி சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது கொஞ்ச நாள்தான்.

ஐம்பதைத் தாண்டியவர். போரில் பிடிபட்டு அமெரிக்காவில் கைதியாக இருந்திருக்கிறார். அங்கே ஒரு சோளப் பண்ணையில் வேலைக்கு விட்டார்களாம். பண்ணைக்காரரிடம், பின்னாளில் நாங்கள் விற்ற காரின் கம்பெனி செய்த பழைய லாரி ஒன்று இருந்தது. "மூன்றாம் நாளே சாவியை என் கையில் கொடுத்து டவுனுக்குப் போய்விட்டு வா என்றார். நான் அவருக்கு எதிரி நாட்டுச் சிப்பாய். எப்படி நம்பினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை" என்பார். ஊர் திரும்பியதும் கார் விற்றால் அந்தக் கம்பெனிக் காரைத்தான் விற்பது என்று முடிவு செய்திருக்கிறார்.

காரின் பெயரை நான் எழுதவில்லை. இப்போது அந்தப் பெயரில் கார் வருவதில்லை. கொல்லுப்பட்டறை வைத்திருந்த சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி. மேற்கே நிலம் தேடிப் போனவர்களுக்குக் குதிரை வண்டி செய்துகொடுத்து வளர்ந்து, பிறகு காருக்கு மாறி, நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. முதலில் அமெரிக்காவில் இருந்த தொழிற்சாலையை மூடினார்கள். கனடாவில் இரண்டு வருஷம் போல ஓட்டிப் பார்த்தார்கள். 1966 வசந்தத்தில் அதுவும் நின்றுபோனது.

அதைத் தெரிவித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்த காலையில் அதைப் படித்து அவருக்கு ஜெர்மனில் சொன்னது நான்தான்.

"கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள்" என்றார்.

படித்தேன். அவர் எழுந்து ஷோரூமுக்குப் போனார். அங்கே விற்காத புதுக் கார் ஒன்றுதான் மிச்சம், வெளிர் பச்சை நிறம். கைக்குட்டையை எடுத்து அதன் முன்விளக்கைத் துடைத்தார். அழுக்கு ஒன்றும் இல்லை. அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, எங்களிடம் கார் வாங்கியிருந்த எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஜெர்மன் கடிதங்களையும் அதற்குள் நானே அடிக்கத் தொடங்கியிருந்தேன். "உதிரி பாகங்கள் எப்போதும்போலத் தடையில்லாமல் கிடைக்கும். கவலை வேண்டாம்." அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

அன்றிலிருந்து யாராவது வந்து பச்சைக் காரை விலைக்குக் கேட்டால், "அது விற்றுப்போய்விட்டது" என்பார். யாருக்கும் விற்கவில்லை. விற்பனைப் பதிவு என் மேஜையில்தான் இருந்தது.

மே மாதம் ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். ஊருக்கு வெளியே, ரைன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடு. ஒல்லியான, உயரமான மனிதர், பேசும்போது தொப்பியைக் கையில் வைத்துக்கொள்வார். அவருடைய காரைக் கட்டாயப் பரிசோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஸ்டியரிங் ஆடுகிறது, பாகத்தை மாற்றாமல் ரோட்டில் ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தேய்ந்துபோனது காருக்கு அடியில் நடுவே இருக்கிற ஒரு இரும்புத் துண்டு. உள்ளங்கையில் அடங்கும். எங்கள் மெக்கானிக், கடைசல் பட்டறையில் அதேபோல ஒன்று செய்து தருகிறேன் என்றார். ஸ்டியரிங்கில் கைவேலை செல்லாது, கம்பெனி பாகம்தான் வேண்டும் என்று பரிசோதனைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"எத்தனை நாளாகும்?" என்று ஆசிரியர் கேட்டார்.

"நான்கு வாரம்" என்றார் முதலாளி.

ஆசிரியரின் மனைவிக்கு முதுகெலும்பில் நோய். பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது. அந்தக் காரின் முன்சீட்டைப் பின்னால் சாய்த்தால் கட்டில்போல முழுக்கப் படுத்துவிடும். அதற்காகவே அதை வாங்கியிருக்கிறார். அந்த அம்மாள் வடகடல் ஓரம் பிறந்து வளர்ந்தவர். ஒவ்வொரு கோடையிலும் ஆசிரியர் அவரைச் சீட்டில் படுக்கவைத்து, நாள் முழுக்க மெதுவாக ஓட்டி, கடலைக் காட்டிக் கூட்டிவருவார். இதையெல்லாம் அவர் என்னிடம்தான் சொன்னார். முதலாளி பட்டறைப் பக்கம் போயிருந்தார்.

பாகம் கேட்டு எழுதினேன். கனடாவிலிருந்து, அமெரிக்காவில் உள்ள இன்னொரு கிடங்குக்கு எழுதச் சொல்லிப் பதில் வந்தது. அங்கே எழுதினேன். பதில் இல்லை. ஜூனும் போய் ஜூலையும் வந்தது. முதலாளி தன் சொந்தக் காரை ஆசிரியருக்கு இரவல் கொடுத்தார். அது ஜெர்மன் கார், சீட்டு சாயாது. மறுநாளே சாவி திரும்பி வந்தது. இரண்டாவது தெரு தாண்டுவதற்குள் அந்த அம்மாள் வலி தாங்காமல் கத்திவிட்டாராம்.

அன்றைக்குத்தான் மெக்கானிக் முதலாளியின் அறைக்குள் வந்து, கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டார்: "பாகம் நம்மிடமே இருக்கிறதே. ஷோரூமில் நிற்கிறதில் இருந்து கழற்றிக் கொடுத்தால் என்ன? இரண்டு மணி நேர வேலை."

"அதைத் தொடாதே."

"விற்கிற கார் இல்லையே அது!"

"புதுக் கார் அது. உலகத்திலேயே இனிமேல் வராத கார். அதை நொண்டியாக்கி நிறுத்தச் சொல்கிறாயா? பாகம் வந்துவிடும்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரில் தாளைச் செருகிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்காதவள்போலச் செருகினேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். அந்நிய தேசம், அரைகுறை ஜெர்மன், சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு டிராமில் வருகிறவள், எனக்கென்ன பேச்சு என்று இருந்தேன். வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. இவற்றில் எது நிஜமான காரணம் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் டெலிபோன் அடித்தது. ஒரு பெண் குரல். அடிக்கடி மூச்சு வாங்கிப் பேசியது. ஆசிரியரின் மனைவி.

"நான் அவசரப்படுத்துவதாக நினைக்காதீர்கள். பாகம் வந்துவிட்டதா என்று கேட்கலாம் என்று பார்த்தேன். செப்டம்பர் பிறந்துவிட்டது. இனிக் கடற்கரையில் குளிர ஆரம்பித்துவிடும். அதனால்தான்."

"அடுத்த வாரம் வந்துவிடும்" என்றேன்.

"ஓ, அப்படியா? ரொம்ப நன்றி. உங்கள் ஊரில் கடல் உண்டா?"

"கொஞ்ச தூரம் போகணும். திருச்செந்தூர்ப் பக்கம்."

அந்தப் பெயரை அவர் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். தப்பாகத்தான் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்தேன். அடுத்த வாரம் என்று நான் ஏன் சொன்னேன்? யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. முதலாளிகூட அறையில் இல்லை.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஷோரூம் காரில இருக்குன்னு அந்தம்மாகிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"எப்படிங்க சொல்றது? முதலாளி என்ன நினைப்பாரு?"

"அவரு என்ன வேணா நினைக்கட்டும். நீ நாளைக்கே போய்ச் சொல்லு."

மறுநாள் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தபடியே வைத்திருந்தேன், ஒரு வரிகூட வாயில் வரவில்லை. பத்து நாள் ஓடிவிட்டது. பதினோராவது நாள் முதலாளியின் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"அந்தப் பாகத்தை நீங்கள் கழற்றிக் கொடுக்காவிட்டால் நாளையிலிருந்து நான் வரமாட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மெக்கானிக்கைக் கூப்பிடாமல் தானே காருக்கு அடியில் படுத்தார். பழக்கம் விட்டுப்போன கை. நடுவில் ஒரு தரம் உள்ளே இருந்து விசும்பல் மாதிரிக் கேட்டது. நான் வெளியே வாசலில் போய் நின்றுகொண்டேன். கழற்றி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. பாகத்தை எண்ணெய் போகத் துடைத்து, ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, "வாருங்கள், நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம்" என்றார். அவர் முகத்தில் அப்போது ஒரு தெளிவு வந்திருந்தது. வழியெல்லாம், நாளைக் காலையில் மெக்கானிக்கை அனுப்பினால் சனிக்கிழமையே ஆசிரியர் கிளம்பிவிடலாம், அக்டோபரில்கூடச் சில நாள் வெயில் அடிக்கும் என்று பேசிக்கொண்டே ஓட்டினார்.

ஆசிரியர் கதவைத் திறந்தார். கறுப்பு டை கட்டியிருந்தார். பின்னால் கூடத்தில் மாலைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. முதலாளிக்குப் புரியவில்லை. துணிப் பொட்டலத்தை நீட்டி, "கொண்டுவந்துவிட்டேன்" என்றார்.

"திங்கட்கிழமை அடக்கம் செய்தோம்" என்றார் ஆசிரியர்.

அன்றைக்கு வியாழக்கிழமை.

ஆசிரியர் பொட்டலத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். "அமெரிக்காவில் இருந்தா வந்தது?"

முதலாளி பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இல்லை. ஷோரூமில் நிற்கும் காரில் இருந்து கழற்றினேன்."

"அந்தப் பச்சைக் காரா? மே மாதம் நான் வந்தபோது நின்றதே, அதா?"

"ஆமாம்."

ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. பாகத்தைத் துணியில் மறுபடியும் அதேபோலச் சுற்றி முதலாளியின் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். திரும்பி வரும் வழியில் முதலாளி காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்மேல் எனக்கு ஆத்திரம் வரவில்லை.

நவம்பர் கடைசியில் நான் மட்டும் பஸ் ஏறி ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அவர் உள்ளே விட்டார். உட்காரச் சொல்லவில்லை. கூடத்திலேயே நின்று பேசினோம்.

"உங்களிடம் டெலிபோனில் பேசிய அன்று ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள்" என்றார். "அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு நல்ல குரல், அவள் அடுத்த வாரம் என்று சொன்னால் அடுத்த வாரம்தான் என்றாள். என் தங்கையை வரச்சொல்லிப் பெட்டியைக்கூட எடுத்துவைக்கச் சொன்னாள். கம்பளிச் சட்டை, காலுறை எல்லாம். நான் உங்களை நம்பவில்லை. அவளிடம் அதைச் சொல்ல மனது வரவில்லை."

நான் அழுதேன். அவர் காத்திருந்தார், என் அழுகை முடியட்டும் என்பதுபோல.

"உங்களைத் தண்டிக்கணும் என்று எனக்கு இல்லை. டாக்டர் சொன்னபடி பார்த்தால் எப்படியும் அடுத்த கோடையை அவள் பார்த்திருக்கமாட்டாள். ஆனால் இந்தக் கோடை இருந்ததே." வாசல் கதவைத் திறந்தார். "தயவுசெய்து இனி வராதீர்கள்."

வீட்டுக்கு வந்தேன். கணவர் என் முகத்தைப் பார்த்தார். டீ போட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வருஷக் கடைசியில் வேலையை விட்டேன். விடுவதற்கு முன்னால், கார் வாங்கியவர்களின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் என் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். எங்களிடம் பாகம் கிடைக்காது, தடையில்லாமல் கிடைக்கும் என்று நாங்கள் எழுதியது உண்மையில்லை, அமெரிக்கக் கிடங்கின் முகவரி இது, நேரடியாகக் கேட்டுப் பாருங்கள், இங்கிலீஷ் எழுதத் தெரியாவிட்டால் நான் எழுதித் தருகிறேன். முதலாளிக்குத் தெரிந்தேதான் செய்தேன். அவர் தடுக்கவில்லை, தபால் தலையை அவரே எடுத்துக் கொடுத்தார். பல பேர் பதில் போட்டார்கள். ஒரு ரொட்டிக் கடைக்காரர், தன் கார் நன்றாக ஓடுகிறது, எதற்குப் பயமுறுத்துகிறீர்கள் என்று திட்டினார். ஒரு கால்நடை மருத்துவர், பனியில் எந்தக் காரும் ஏறாத மேட்டில் தன் கார் ஏறிய கதையை நான்கு பக்கம் எழுதி, கடைசி வரியில் கார்புரேட்டர் கேட்டார். அவருக்கு நான் எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரத்தில் வந்துவிட்டதாம். ஆசிரியருக்காக நான் எழுதியபோது பதிலே வராத அதே கிடங்கில் இருந்து.

ஆசிரியருக்கும் அனுப்பியிருந்தேன். பதில் இல்லை.

கடை அடுத்த கோடைக்குள் மூடிவிட்டது. பச்சைக் காரை என்ன செய்தார்கள் என்று தெரியாது. என் கணவருக்கு ஹனோவரில் வேலை கிடைத்து நாங்கள் அங்கே போய்விட்டோம். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் ஹனோவர் ரயில் நிலையத்தில் முதலாளியைப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தார். விவசாய இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனிக்காக ஊர் ஊராகப் போகிறாராம். என் பிள்ளைகளைக் குனிந்து பார்த்து, இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். ஊர்ப் பேச்சு, வெயில், ரயில் தாமதம் என்று ஏதேதோ பேசினோம். அவர் வண்டி வருகிற அறிவிப்பு வந்ததும் பெட்டியைக் கையில் எடுத்தவர், மறுபடி கீழே வைத்தார்.

"அந்த ஆசிரியரை நீங்கள் அதற்குப் பிறகு பார்த்தீர்களா?"

"ஒரு தரம் பார்த்தேன்."

"என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?"

"மன்னித்துவிட்டதாகச் சொன்னார்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. தொப்பியை எடுத்து நன்றி என்பதுபோலத் தலையை அசைத்துவிட்டு ரயிலில் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.