பாதியில் விலகாத சுகந்தி அக்கா

சுகந்தி அக்கா இன்று காலை போய்விட்டார். ஹார்ட் அட்டாக். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர்...

அழுகை இன்னும் வரவில்லை. பயம்தான்.

தெரியாதவர்களுக்காக: ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டத்து வீட்டுப் பெண். கல்லூரியில் என் டபிள்ஸ் பார்ட்னர். பிறகு சில வருடம் ப்ரொஃபஷனல் டென்னிஸ் ஆடினார். இப்போது கம்பத்தில் பிள்ளைகளுக்குக் கோச்சிங்.

அவருடைய கேரியர் ரெக்கார்டு இன்னும் இணையத்தில் இருக்கிறது. வெற்றியைவிடத் தோல்வி அதிகம். சிங்கிள்ஸில் பாதிக்கு மேல் முதல் ரவுண்டுதான்.

ஆனால் முடியாமல் பாதியில் விலகினால் ஸ்கோருக்குப் பக்கத்தில் 'ரிட்டயர்டு' என்று போடுவார்கள். அக்காவுக்கு அது ஒரு மேட்சில்கூட இல்லை.

"எப்படியெல்லாமோ தோத்திருக்கேன்டி. பாதில ஓடியாந்தேன்னு ஒருத்தி சொல்லட்டும் பாப்பம்" என்பார்.

மதுரையில் ஒரு மேட்ச். என் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. அம்பயர் கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள், "ஆடுவா சார்" என்றார் அக்கா.

என் பக்கம் திரும்பி, "பந்த உள்ள போட்டுட்டு நெட்டுகிட்ட சும்மா நில்லு ஆத்தா. மிச்சத்த நான் ஓடிக்கிறேன்."

ஓடினார். தோற்றோம். பஸ்ஸில் வரும்போது அவ்வளவு சிரிப்பு...

போன வாரம் போனில், முதுகும் தாடையும் இழுக்கிறது என்றார். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். கேஸ்தான், சோடா குடித்தால் சரியாகிவிடும் என்றார்.

இன்று கோர்ட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளையின் அம்மா சொன்னார். "ஆஸ்பத்திரி போவம்னு கூப்ட்டோம். 'இந்த செட்டு முடியட்டும்'னாக. அதுக்குள்ள சாஞ்சுட்டாக."

அந்த போனில் அக்காவிடம் என் விஷயத்தைச் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக எனக்கும் இடது தோள் கனக்கிறது. மாடி ஏறினால் வேர்க்கிறது. மகள் பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன்.

இன்றுதான் கணவரிடம் சொன்னேன். அவர் உடனே வண்டியை எடுத்தார்.

கூடலூரிலிருந்து தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். இதை வண்டியில் இருந்துதான் எழுதுகிறேன். இப்போதும் கனக்கிறது...

சின்னமனூரில் ஓடைப்பட்டிக்குப் பிரியும் ரோடு வந்தது. அங்கேதான் அக்காவைக் கிடத்தியிருக்கிறார்கள். கணவர் என்னைப் பார்த்தார். நேராகப் போகச் சொன்னேன்.

உங்கள் முகத்தைப் பார்க்க வர முடியவில்லை அக்கா. திட்டாதீர்கள். போய் வாருங்கள்.