பாண்டிமுருகன் வாங்கிய இரண்டாவது கயிறு

2024 செப்டம்பர் 19 – மெஷின் வாள், பழையது: ரூ. 9,500
செப்டம்பர் 23 – இடுப்புப் பட்டை, தலைக்கவசம்: ரூ. 3,850
அக்டோபர் 4 – நைலான் கயிறு, முப்பது மீட்டர்: ரூ. 1,260
அக்டோபர் 24 – அதே கயிறு, இரண்டாவது முறை: ரூ. 1,260

நாச்சியாபுரம் பாண்டிமுருகனுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று. இருபத்தெட்டு ஆண்டுகளாக மரமேறி அரிவாளால் கொப்பு வெட்டுகிறவர். அந்த ஜூன் மாதம் வலது தோள்பட்டை மக்கர் செய்தது. கையைத் தலைக்கு மேல் ஓங்கி வெட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு மூன்று மாதம், மற்றவர்கள் மேலேயிருந்து வெட்டித் தள்ளியதைக் கீழே நின்று இழுத்து அடுக்கினார். அந்த மூன்று மாதமும் மனுஷன் தலை நிமிரவில்லை என்று அவர் மனைவி செந்தாமரை சொல்வாள். கழுத்தில் ஒரு கோளாறும் இல்லை. மரத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓங்காமல் வெட்ட வேண்டுமானால் மெஷின் வாள்தான். மரக்கடைக்காரர் ஒருவரிடம் பழையதாக ஒன்று கிடைத்தது. காரைக்குடியில் ஒரு தனியார் கல்லூரி, வளாகத்து மரங்களை ஆண்டு முழுவதும் கழித்துவிட ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு மனுப் போட்டார். அக்டோபர் 14ஆம் தேதி முதல் கடிதம் வந்தது. இருபத்து மூன்றாம் தேதி நேரில் வந்து, மெஷின் வாளால் ஒரு கொப்பை இறக்கிக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டு முடிவு சொல்வோம் என்று எழுதியிருந்தது. கிடைத்தால் மறுபடியும் மரத்துக்கு மேலே. கிடைக்காவிட்டால் கடைசிவரை கீழேதான்.

வீட்டுக்குப் பின்னால் கிடந்த வேப்பந்தடியை அறுத்து அறுத்துப் பத்தொன்பது நாள் பழகினார். தடி தீர்ந்து விறகாயிற்று. வாளும் கைக்குப் படிந்துவிட்டது. மரத்தின் மேல் மட்டும் அதைக் கொண்டுபோய்ப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை ஏழு நாற்பதுக்குக் கல்லூரித் தூங்குமூஞ்சி மரத்தில் ஏறினார். சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகைக்கு மேலே நீண்டிருந்த காய்ந்த கொப்பு அது. கீழே கொப்பைத் திருப்பும் கயிற்றோடு நின்றவர் செந்தாமரையின் அண்ணன் பெத்தன். கல்லூரியின் நிர்வாக அலுவலர் ரேணுகா பத்தடி தள்ளிக் குடை பிடித்து நின்றாள்.

"என்ன மாப்ள, மரம் ஏறப் போறியா, சண்டைக்குப் போறியா?" என்றார் பெத்தன், பட்டையையும் தலைக்கவசத்தையும் பார்த்து.

"கயித்தப் பிடிங்க மச்சான். வாய்க்கு அப்பறம் வேல குடுப்போம்."

இருபத்திரண்டு அடி உயரத்தில் ஒரு கவையில் காலூன்றி, இடுப்புக் கயிற்றை அடிமரத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். பெத்தன் வாளை மேலே ஏற்றி அனுப்பினார். அதன் சிறு கயிற்றை இடுப்புப் பட்டையில் மாட்டி, வாளைக் கிளப்பினார். தோளில் வலி இல்லை. சங்கிலி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கொப்பில் முக்கால்வாசி அறுந்ததும், உள்ளே சடக்கென்று ஒரு சத்தம்.

அரிவாள்காரர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை. அரிவாளைத் தூர எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொள்வார்கள். கீழே நிற்கிறவன் ஏற்கெனவே விலகியிருப்பான். பாண்டிமுருகனின் கைகளும் இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தைச் செய்தன. வாளை விட்டன, மரத்தைக் கட்டின.

கொப்பு கொட்டகையில் படாமல் புல்லில் போய் விழுந்தது. வாள் முழங்காலுக்குக் கீழே சிறு கயிற்றில் தொங்கி ஆடியது. சுற்றிக்கொண்டிருந்த சங்கிலி விழுகிற வழியில் இடுப்புக் கயிற்றை உரசிவிட்டது. மூன்று புரியில் இரண்டு அறுந்திருந்தன. அவர் அதையே சற்று நேரம் பார்த்தார். வாளை மெல்ல மேலே இழுத்து, இன்ஜினை அணைத்தார். கீழே இருக்கும் இருவருக்கும் இலை மறைத்திருந்தது.

இறங்கி வந்ததும் ரேணுகா சிரித்தாள். "சுத்தமா எறக்கிட்டீங்களே. நான் சரின்னு எழுதிருறேன்."

"எழுதாதீக மேடம்," என்றார். "மொதல்ல இந்தக் கயித்தப் பாருங்க." நடந்ததைச் சொன்னார்.

ரேணுகா அறுந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அடுத்த தடவ நான் கீழ விழுந்ததும் தெரிஞ்சிருக்கும் மேடம். வெள்ளிக்கிழம ஒருக்க ஏறிக் காட்டவா?"

அவள் யோசித்துவிட்டு, "ஏழரைக்கு வாங்க" என்றாள்.

வண்டியில் திரும்பும்போது பெத்தனுக்குப் பொறுக்கவில்லை. "கையில வந்த வேலய நீயே தட்டி விட்டுட்டு வாற ஆள் நீதான் மாப்ள."

எங்கே தவறியது என்று பாண்டிமுருகனுக்குப் புரிந்திருந்தது. தரையில் கிடக்கிற தடி முறிவதில்லை. பத்தொன்பது நாளில் அந்தச் சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காரைக்குடி செக்காலைக் கடைத்தெருவுக்குப் போய் அதே கயிற்றை வாங்கி வந்தார். பிறகு கொல்லையில் ஒரு முக்காலியில் ஏறி, அணைத்த வாளை இரண்டு கையாலும் பிடித்து நின்றார். செந்தாமரை ஒரு கட்டுக் காய்ந்த முருங்கைக் குச்சியோடு அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் நினைத்தபோது ஒரு குச்சியை உடைப்பாள். சத்தம் கேட்டதும் அவர் விசையிலிருந்து விரலை எடுத்து, பிரேக்கைத் தள்ள வேண்டும். வாளை மட்டும் விடக் கூடாது.

முதல் இருபது குச்சியில் பதினொரு தடவை கை திறந்துகொண்டது.

"இந்தா, மறுபடியும் விட்டீக," என்றாள் செந்தாமரை. "கல்யாணத்தன்னைக்கு என் கையையாவது இறுக்கிப் பிடிச்சீகளா? அதையும் பாதியில விட்டுட்டுப் பந்திக்குப் போனவுகதான."

"பசிச்சுச்சு. நீ குச்சிய ஒடி."

நடுவில் அவள் அரிசி களையப் போனாள். போகிற வழியில், அவர் எதிர்பாராத நேரத்தில் ஒரு குச்சியை ஒடித்தாள். அவர் கை அசையவில்லை. பொழுது சாயும்போது எழுபத்தாறு குச்சி முடிந்திருந்தது. கடைசி முப்பதில் ஒரு தடவைகூட வாள் நழுவவில்லை.

வெள்ளிக்கிழமை அதே மரம், அடுத்த கொப்பு. இந்த முறை வாள் விழுந்தாலும் உரசாதபடி இடுப்புக் கயிற்றை மேலே தூக்கிக் கட்டியிருந்தார். ஏழு ஐம்பதுக்குச் சடக்கென்றது. விரல் விலகியது, பிரேக் விழுந்தது, வாள் கையிலேயே இருந்தது. கொப்பு போன பிறகுதான் மூச்சு விட்டார். கீழே வந்து, கயிற்றை முதல் முனையிலிருந்து கடைசி முனைவரை ரேணுகாவுக்குக் காட்டினார்.

அக்டோபர் 29ஆம் தேதி இரண்டாவது கடிதம்: தீபாவளிக்குப் பிறகு முடிவு தெரிவிக்கப்படும். அடுத்த பதின்மூன்று நாளும் அவர் வேறு ஆட்களுக்குக் கீழே நின்று கொப்பு இழுத்தார்.

மூன்றாவது கடிதத்தைச் செந்தாமரை பிரித்து வாசித்தாள். ஓராண்டுக்கு வேலை. ஒரு நிபந்தனை: ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் கயிற்றை அலுவலகத்தில் காட்ட வேண்டும்.

"இனிமே ஒனக்கு முன்னாடி ஒன் கயிறு ஆஜர் குடுக்கணும் மாப்ள," என்றார் பெத்தன்.

பாண்டிமுருகன் தாளை மடித்துத் தலைக்கவசத்துக்குள் வைத்தார். வெளியே வந்து, பக்கத்து வீட்டு வேப்பமரத்தை உச்சிவரை அண்ணாந்து பார்த்தார். அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2024 நவம்பர் 11, திங்கட்கிழமை.